20 கணினிக்கு லேன் போட்ட வேலை: ஒயர் முனையிலிருந்து லூப் வரை

பள்ளி ஒன்றின் முதல் மாடியில் கணினி அறை. 20 கணினி, ஒரு பிரிண்டர், ஒரு வைஃபை பெட்டி. மைதானத்துக்கு அந்தப் பக்கம், கேபிள் பாதையில் அளந்தால் 140 மீட்டர் தள்ளி அலுவலகம். இணைய இணைப்பு வந்து இறங்குவது அங்கேதான். இவ்வளவையும் லேன் என்னும் ஒரே உள் நெட்வொர்க்காகக் கட்டியதை, கை தவறும் இடங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் வந்த யோசனை இது: மேசை வரிசைக்கு ஒன்றாக எட்டு போர்ட் சுவிட்ச் (கேபிள் செருக எட்டுத் துளை உள்ள இணைப்புப் பெட்டி) நான்கு வாங்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடுத்துவிடலாம், கேபிள் மிச்சம். கேபிள் மிச்சம்தான். ஆனால் பின்னால் இருக்கும் மூன்று வரிசையின் 15 கணினிகளும் முதல் சுவிட்சிலிருந்து போகும் ஒரே கேபிளைப் பங்கு போட வேண்டும். அந்த சுவிட்சின் அடாப்டர் யாராவது கால் பட்டுக் கழன்றால் பின்வரிசைகள் மொத்தமும் போச்சு. எல்லாக் கணினியும் ஒரே கேபிளில் தொங்கும் பழைய பஸ் டோப்பாலஜியின் வியாதியும் இதுவேதான். மெல்லிய கோஆக்சியல் கேபிளில் ஈதர்நெட் (கேபிள் நெட்வொர்க் முறை) ஓடிய காலத்தில் ஒரு துண்டு 185 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, இரண்டு முனையிலும் சிக்னல் திரும்பாமல் தடுக்கும் 50 ஓம் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். நடுவில் ஓர் இணைப்பு விட்டால் எல்லாருக்கும் நெட்வொர்க் நின்றுவிடும்.

அதனால் ஸ்டார் முறை. ஒவ்வொரு கணினிக்கும் ரேக்கிலிருந்து தனிக் கேபிள், நடுவில் ஒரே 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச். இதன் பலவீனம் அந்த சுவிட்ச்தான், அது செத்தால் அறையே செத்தது. சுவிட்சை யுபிஎஸ்ஸில் போட்டோம். பள்ளியில் பழைய ஹப் ஒன்று கிடந்தது. ஹப் வந்த சிக்னலை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அப்படியே திருப்பி அனுப்பும். சுவிட்ச் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பார்த்து உரியவருக்கு மட்டும் அனுப்பும். ஹப்பைத் தொடவில்லை.

கேபிள் கணக்கு: பக்கத்துக் கணினிக்கு 6 மீட்டர், கடைசிக் கணினிக்கு 22, சராசரி 14. முனைக்கு முனை தளர்வு சேர்த்து 16. பிரிண்டர், வைஃபையும் சேர்த்து 22 இழுப்பு, ஆக 352 மீட்டர். ஒரு பெட்டியில் 305 மீட்டர்தான் வரும், எனவே கேட் 6 ரகக் கேபிள் இரண்டு பெட்டி. வாங்கும்போது ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவு, ஆனால் வளைத்தால் ஒடியும், தூரம் கூடினால் சிக்னல் தேயும். கரண்ட் ஒயர் போகும் அதே பைப்பில் டேட்டா கேபிளை விடக் கூடாது. குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இரண்டிரண்டு கணினிக்கு ஓர் இரட்டை சாக்கெட், ரேக்கில் அந்தக் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனல். மேசைப் பக்கம் அசையும் இடம் என்பதால் ஃபேக்டரியிலேயே பிளக் போட்டு வரும் பேட்ச் கார்டு. ரேக்குக்குள் அசையாமல் கிடக்கும் அரை மீட்டர் துண்டுகளை மட்டும் மிச்சக் கேபிளில் கையால் கிரிம்ப் செய்தோம், அதாவது பிளக்கை அழுத்திப் பொருத்தினோம்.

கிரிம்ப் செய்வதில் நிதானம் வேண்டும். மேலுறையை 3 சென்டிமீட்டர் உரித்து, ஜோடிகளைப் பிரித்து, டி568பி என்ற நிற வரிசையில் அடுக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஆர்ஜே45 பிளக்கைக் கிளிப் கீழே இருக்க, ஒயர் நம் பக்கமிருந்து நுழையப் பிடித்தால் இடது ஓரம்தான் 1. நுனிகளை நேராக வெட்டி, 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்குப் பிரியாமல் உள்ளே தள்ளி, எட்டுச் செம்பு நுனியும் முன்சுவரில் முட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அழுத்த வேண்டும். மேலுறையும் பிளக்கின் கவ்விக்குள் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் ஓர் இழுப்புக்கே கழன்றுவிடும்.

பச்சை ஜோடி 3-லும் 6-லும் பிரிந்து உட்கார்வது பலருக்கு உறுத்தும். இரண்டு பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவார்கள், மறுமுனையிலும் அப்படியே. கம்பித் தொடர்பைச் சோதிக்கும் லைட் டெஸ்டரில் 1 முதல் 8 வரை வரிசையாக எரியும். ஆனால் ஒரே சிக்னலைச் சுமக்கும் 3-ம் 6-ம் வேறு வேறு முறுக்கில் போவதால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் ஏறும். இணைப்பு வந்து வந்து போகும். லைட் டெஸ்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. அதனால் ஒவ்வோர் இழுப்பிலும் ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பார்த்தோம். சரியான இணைப்பில் வினாடிக்கு 110 மெகாபைட்டை ஒட்டி வரும். 14-ம் எண்ணில் 11-தான் வந்தது. இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தது. அந்த வேகத்துக்கு 1, 2, 3, 6 போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். பழுப்பு முனை ஒன்று முட்டாமல் நின்றிருந்தது; வெட்டி மறுபடி அடித்ததும் சரியாயிற்று.

அலுவலகத்துக்கு 140 மீட்டர். செம்புக் கேபிளின் எல்லை 100, பேட்ச் கார்டுகளையும் சேர்த்து. போதாததற்குத் தனித்தனிக் கட்டடங்களின் எர்த் ஒன்றாக இருக்காது, பக்கத்தில் இடி விழுந்தால் செம்பு வழியே இரண்டு பக்கமும் பாதிக்கும். அதனால் ஒற்றை இழை ஃபைபரும், செம்புச் சிக்னலை ஒளியாகவும் திரும்பவும் மாற்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-ல் வாங்குவது, மற்றது அதற்கு நேர் எதிர். இரண்டும் ஒரே வகையாக வந்துவிட்டால் ஃபைபர் லைட்டே எரியாது. பெட்டியைப் பிரிக்கும் முன் லேபிளைப் பாருங்கள்.

கருவிகளின் ஐபி முகவரிக்கு 192.168.10 வரிசை. ரவுட்டர் .1, வைஃபை .2, பிரிண்டர் .10, கணினிகளுக்கு டிஹெச்சிபி (தானாக முகவரி கொடுக்கும் வசதி) மூலம் .100 முதல் .200 வரை. வைஃபை பெட்டியும் உள்ளுக்குள் ஒரு ரவுட்டர்தான். அதன் டிஹெச்சிபியை நிறுத்தாமல் செருகினால் அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்து, பாதிப் பேருக்கு இணையம் போய்விடும். முதலில் அதன் சொந்த முகவரியை மாற்றி, பிறகு டிஹெச்சிபியை நிறுத்தி, கேபிளை இணையத்துக்கான வான் துளையில் அல்ல, உள் நெட்வொர்க்குக்கான லேன் துளையில் செருக வேண்டும்.

எல்லாம் ஓடி மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை எதுவும் வேலை செய்யவில்லை. சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னின. இதைப் பார்த்தாலே லூப் (கேபிள் சுற்றி வந்து அதே சுவிட்சில் சேர்வது) என்று சொல்லிவிடலாம். 12 கேபிளைப் பிடுங்கினோம், மின்னல் நிற்கவில்லை. மிச்சத்தில் ஆறைப் பிடுங்கியதும் நின்றது. அந்த ஆறை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகியபோது, ஐந்தாவதைச் செருகியதும் மறுபடி தொடங்கியது. தேர்வுக்காகக் கணினியை நகர்த்திய யாரோ, தொங்கிய கார்டின் முனையைப் பக்கத்துச் சாக்கெட்டிலேயே செருகியிருந்தார்கள். ஐபி பாக்கெட்டுக்கு (முகவரி போட்டுப் போகும் தரவுத் துண்டு) ஆயுள் எண் உண்டு, அதைச் சுமக்கும் ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. ஒரு பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போகும் செய்தி) லூப்பில் விழுந்தால் பெருகிக்கொண்டே சுற்றும்.

இதற்கு மருந்து, லூப்பைக் கண்டு போர்ட்டை அடைக்கும் ஸ்பேனிங் ட்ரீ, 1985-ல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கியது. நாங்கள் போட்டிருந்த மலிவு சுவிட்சில் அது இல்லை. அது உள்ள சுவிட்சாக மாற்றினோம். மாற்றியதும் வேறு தொல்லை: காலையில் கணினியைப் போட்டால் 169.254 என்று தொடங்கும் முகவரி (டிஹெச்சிபி கிடைக்காதபோது கணினி தானே போட்டுக்கொள்வது) வந்தது. பழைய ஸ்பேனிங் ட்ரீயில் போர்ட் திறக்க 30 வினாடி ஆகும், அதற்குள் கணினி டிஹெச்சிபியைக் கேட்டு ஓய்ந்துவிடுகிறது. கணினி செருகும் போர்ட்டுகளை மட்டும் காத்திருக்காமல் திறக்கும் எட்ஜ் போர்ட் என்று குறித்ததும் முகவரி உடனே வந்தது. அலுவலகத்துக்குப் போகும் 23-ம் போர்ட்டை அப்படிக் குறிக்கவில்லை. அந்தப் பக்கம் இன்னொரு சுவிட்ச் இருக்கிறது.