காடி (கார்) வாடகைக்கு போற காசுல நல்ல சட்டையே தைக்கலாம் தம்பிகளா

நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல தையல் கடை வச்சிருக்கேன். டவுன்லயும் சுத்தி இருக்குற தோட்டங்கள்லயும் பாட்டு எழுதுற பசங்க, ராப் பண்ற பசங்க இப்ப நிறைய பேரு, வீடியோ எடுக்கணும்னா துணிக்கு நம்ம கடைக்குத்தான் வருவாங்க, அதனாலதான் இத பத்தி எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். கையில எவ்ளோ வச்சிருக்கீங்கன்னு கேட்டா, வாடகைக்கு ஒரு பெரிய காடி, கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஒரு நாள் ஷூட்டிங், டுவின் டவர் தெரியுற மாதிரி ஒரு ஷாட், இதுக்கே முக்கால்வாசி போயிடும்பாங்க. சரி, சட்டைக்கு? “அது பண்டல் கடையில ஏதாச்சும் பாத்துக்குறோம்க்கா”. பண்டல் கடைன்னா பழைய துணி விக்கிற கடை. எனக்கு வயிறு எரியும்.

ஏன்னா பாக்குறவங்க கண்ணு முதல்ல போறது ஆள் மேலதான், ஆள் மேல இருக்குறது துணி. மைக்கேல் ஜாக்சனோட ‘த்ரில்லர்’ பாட்டு வீடியோ 1983ல வந்துச்சு, கிட்டத்தட்ட 14 நிமிஷம் ஓடும், அதுல எவ்ளோ மேக்கப் எவ்ளோ ஆட்டம், ஆனா எல்லாருக்கும் மனசுல நிக்கிறது அந்த சிவப்பு ஜாக்கெட்டுதானே. அத டிசைன் பண்ணது டெபோரா நாடூல்மன் லாண்டிஸ், இயக்குநர் ஜான் லாண்டிஸோட மனைவி. ராத்திரி நேரத்து ரோடு, சுத்தி வர்ற பொணங்க எல்லாம் மங்கிப்போன கிழிஞ்ச துணியில, நடுவுல ஒரே ஒரு ஆள் மட்டும் சிவப்பு, கூட்டத்துல அவர தேடவே வேணாம். தோள்பட்டைய நல்லா அகலமா எடுத்து வச்சிருக்காங்க பாருங்க, மெலிஞ்ச உடம்பு, ஆனா ஆடுறப்ப எடுப்பா தெரியுது. ஒரு தையக்காரியா சொல்றேன், அந்த தோள்லதான் பாதி ஆட்டம் இருக்கு. அந்த வீடியோவுக்கே காசு பத்தாமதான் அத எடுத்த விதத்த தனியா ஒரு படமா எடுத்து டிவிக்கு வித்தாங்க, அந்த காசையும் சேத்துதான் வீடியோவ முடிச்சாங்க.

பெரிய காசுன்னா 1995ல வந்த ‘ஸ்க்ரீம்’, அண்ணன் மைக்கேலும் தங்கச்சி ஜேனட்டும் ஆடுனது. 70 லட்சம் டாலர்னு சொல்லி, உலகத்துலயே அதிக செலவுல எடுத்த பாட்டு வீடியோன்னு கின்னஸ்ல போட்டாங்க. ரெண்டு பேரும் ஒரு விண்கப்பல்ல தனியா இருக்காங்க, யார் தொல்லையும் இல்லாம கத்துறாங்க, ஒடைக்குறாங்க, விளையாடுறாங்க, அவ்ளோதான் கதை. அவ்ளோ காசு போட்டும் கலரே வேணாம்னு கருப்பு வெள்ளையில எடுத்துருக்காங்க. அதே கருப்பு வெள்ளைதான் 2008ல பியான்சேவோட ‘சிங்கிள் லேடீஸ்’லயும், ஆனா செட்டுன்னு ஒன்னுமே கெடையாது, வெறும் சுவரு, மூணு பொம்பளைங்க, ஒடம்ப ஒட்டுன கருப்பு உடுப்பு, பியான்சே கையில மட்டும் ஒரு உலோக கையுறை. அடுத்த வருஷம் எம்டிவி மியூசிக் சேனலோட விருதுல அந்த வருஷத்தோட சிறந்த வீடியோ அதுதான். காசு கோடியில இருந்தாலும் கொஞ்சமா இருந்தாலும், என்ன காட்டப்போறோம்னு ஒரு முடிவு முதல்ல வேணும், அந்த முடிவுலருந்துதான் துணி, எடம், லைட்டு எல்லாம் வரணும். நம்ம பசங்க காடியிலருந்து ஆரம்பிக்குறாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

பாட்டு பூரா தோட்டத்த பத்தி, லயத்து வீட்ட (தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீட்ட) பத்தி, அம்மா ரப்பர் மரத்துல பால் வெட்டப்போன கஷ்டத்த பத்தி இருக்கும், வீடியோல பாத்தா கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு வாடகை காடி மேல சாஞ்சிக்கிட்டு நிப்பாங்க. விடியுறதுக்கு முன்னாடி நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டு, தலையில துண்டு, முழுக்கை சட்டை, பூட்ஸோட இருட்டுல மரத்துக்கு மரம் நடந்த ஜனங்க நாம, அந்த நெத்தி லைட்டு வரிசையா நகர்றத ஒரு ஷாட் எடுத்தா போதுமே, எந்த செட்டு அதுக்கு ஈடாகும்? 2021ல ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டு வந்தப்ப நம்ம ஊர்ல சின்ன புள்ளையிலருந்து பாட்டி வரைக்கும் பாத்தாங்க. ராப் பாடகர் அறிவு அவரோட பாட்டி சொன்ன கதையிலருந்துதான் அத எழுதுனாரு, அவங்க இலங்கையில தேயிலை தோட்டத்துல வேலை செஞ்சவங்க. நம்ம பாட்டிங்க கதையும் அதே கதைதானே, அங்க தேயிலை, இங்க ரப்பர்.

தோட்டத்துல எடுக்குறதுன்னா துணிய பத்தி கொஞ்சம் தெரிஞ்சிக்கணும். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள்ள பகல்லயே இருட்டா இருக்கும், வர்ற கொஞ்சநஞ்ச வெளிச்சமும் ஓலை வழியா வர்றதால முகமெல்லாம் பச்சை அடிக்கும். அங்க போய் கருப்பு டி-சட்டை போட்டுக்கிட்டு நின்னா தலையும் கையும் மட்டும்தான் தெரியும். பளிச்சுன்னு வெள்ளையும் வேணாம், கேமரா அந்த வெள்ளைக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்த குறைச்சிடும், நம்ம மாநிறம் இன்னும் கருத்துப்போயிடும். போன வருஷம் மூணு தம்பிங்க வெள்ளை ஜிப்பாதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க, சரின்னு தைச்சேன். தைச்சிட்டு பெரிய சட்டியில தேத்தண்ணிய கடுங்கருப்பா காய்ச்சி, கொஞ்சம் உப்பு போட்டு, துணிய மொத நனைச்சு புழிஞ்சிட்டு உள்ள முக்குனேன், திட்டு திட்டா ஆகாம இருக்க கட்டையால கிண்டிக்கிட்டே இருக்கணும். எடுத்து அலசி நிழல்ல காயப்போட்டா வெள்ளை போய் பழைய சந்தன நிறம் வந்துடும். கேமராவுல அது வெள்ளையாதான் தெரியுது, முகமும் நல்லா தெரியுது. இடுப்புல ஒரு மஞ்சள் துண்டு கட்டிவிட்டேன், அந்த பச்சைக்குள்ள அது ஒன்னு போதும். செலவு என்ன, ஒரு பாக்கெட் தேயிலை.

கேமரா புடிக்குற தம்பி ஒருத்தர் அன்னிக்கு பண்ண வேலையும் எனக்கு ரொம்ப புடிச்சுது. பாட்ட ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டு பசங்கள அந்த வேகத்துக்கே வாயசைக்க சொல்லி, கேமராவுலயும் செகண்டுக்கு ரெண்டு மடங்கு பிரேம் வச்சு எடுத்தாரு. அப்புறம் சாதா வேகத்துல போட்டு பாத்தா வாய் பாட்டோட சரியா சேருது, ஆனா துணி, தலைமுடி, புழுதி எல்லாம் மெதுவா பறக்குது. துண்டு பறக்குறதுக்காகத்தான் மெல்லிசு பருத்தி எடுத்தேன், பாலியஸ்டர்னா ஒடம்போட ஒட்டிக்கிட்டு அசையாது.

மிச்ச செலவு என்ன, கேமரா வாடகை, ஜெனரேட்டர், எடிட்டிங், சாப்பாடு. சாப்பாட்டுல மட்டும் கை வைக்காதீங்க, பசியோட ஆடுறவன் முகம் வீடியோவுல அப்படியே தெரியும். தோட்டத்துக்குள்ள எடுக்க நிர்வாகத்துகிட்ட முன்னாடியே கேட்டுடுங்க, பாதியில வந்து நிறுத்துனா அன்னிய செலவு அம்புட்டும் தண்டம்.

ரப்பர் மரம் இப்ப குறைஞ்சிக்கிட்டே வருது, வெட்டிட்டு செம்பனை போட்டுட்டாங்க, இருக்குற கொஞ்சத்தயாவது யாராச்சும் நம்ம பாட்டுல எடுத்து வைங்க. வருஷ ஆரம்பத்துல அந்த இலையெல்லாம் மஞ்சளாகி, செம்பழுப்பாகி கொட்டும், தரை பூரா அதுதான், காலு வச்சா சரசரங்கும், அந்த நேரத்துல வெளிச்சமும் உள்ள நல்லா எறங்கும். அதுக்கு நீலமோ கரும்பச்சையோ தைச்சா அப்படி எடுக்கும். பொங்கல் முடிஞ்சா என் கடையிலயும் ஆர்டர் கம்மி, பாட்டோட வாங்க, எடத்த ஒரு போட்டோ புடிச்சிட்டு வாங்க, துணிய ரெண்டு பேருமா உக்காந்து முடிவு பண்ணுவோம். காடிய அதுக்கப்புறம் பேசிக்கலாம்.