இன்னும் எத்தனை நாள்: திருகோணமலை, வாடைக்காலச் செபக் குறிப்புகள்

2024 கார்த்திகை 27, புதன்

மழை விட்டபாடில்லை. வள்ளங்கள் கரையேற்றிக் கிடக்கின்றன. கடலை நம்பிய வீடுகளுக்கு வாடைக்காலம் என்றால் கடனும் சேர்ந்து வரும் காலம். இந்த நாட்களில் செபக்கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி: "முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தையும் வருகுதில்லை. என்ன செய்யிறது?"

இரவல் வார்த்தை எடுங்கள். சிலுவையில் இயேசு சொன்னவற்றில் இரண்டு, விவிலியத்தின் 22ஆம் 31ஆம் திருப்பாடல்களின் (சங்கீதங்களின்) அடிகள். உயிர் போகும் நேரத்தில் அவரே முன்னோரின் செபத்தை வாயில் எடுத்தார். களைத்துப்போன நாங்கள் மட்டும் புதிதாகக் கோத்துச் சொல்ல வேண்டும் என்று யார் கேட்டது?

கார்த்திகை 28, வியாழன்

தொடங்குவதற்கு 13ஆம் திருப்பாடல் நல்லது. ஆறே வசனம். ஆனால் ஒரே மூச்சில் வாசித்து முடித்தால் ஒன்றும் மனதில் தங்காது.

முதல் இரண்டு வசனங்களில் "எத்தனை நாள்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. நான்கையும் கடவுளின் முகத்தைப் பார்த்தே கேட்கிறார் பாடியவர். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, உங்கள் காரியத்தை அதற்குள் வையுங்கள். எத்தனை நாள் இந்த வட்டி? எத்தனை நாள் இந்த ஆஸ்பத்திரி அலைச்சல்? பெயர் சொல்லிக் கேளுங்கள். "எங்கள் கஷ்டங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் மனம் பிடி கொடுக்காது, நழுவிவிடும். 3, 4ஆம் வசனங்கள் மன்றாட்டு. அங்கே ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், பட்டியல் வேண்டாம். 5, 6ஆம் வசனங்களில் நம்பிக்கையும் பாட்டும் வருகின்றன.

அதுவரை போக மனம் வராவிட்டால் நான்காம் வசனத்தோடு நிறுத்தலாம். நாளைக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்குங்கள். துயரத்தில் இருப்பவரை "நன்றி சொல்லு, நன்றி சொல்லு" என்று உந்துவதை நாங்கள் ஏற்பதில்லை. 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை வெட்டி எறியாமல் செபமாகவே வைத்திருக்கிறது.

கார்த்திகை 30, சனி

நேரம் பற்றி. பத்து நிமிடம் போதும். ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு அதைக் கட்டிவிடுங்கள்: தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதிக்கும் நேரம், அல்லது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன கையோடு. படுக்கைக்குப் போகும் நேரத்துக்கு ஒதுக்கினால் நித்திரைதான் வெல்லும். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். இயேசு பிடிபட்ட இரவு சீடர்கள் தூங்கியது துயரத்தால் என்று லூக்கா எழுதுகிறார் (22:45). துயரம் உடம்பையும் அடிக்கும்.

சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு வானதூதர் பிரசங்கம் வைக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி படுக்க விட்டார், இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார் (1 அரசர் 19). நாலு நாள் சரியாகச் சாப்பிடாத ஒருவர் உபவாசச் செபம் தொடங்கக்கூடாது. முதலில் சோறு.

மார்கழி 1, ஞாயிறு

கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. இந்த ஆண்டு நற்செய்தி லூக்கா 21: கடலும் அலையும் முழங்க, மக்கள் அச்சத்தால் மயங்குவார்கள் என்ற பகுதி. 2004 சுனாமியைக் கண்ட இந்த ஊரில் அது வெறும் உவமை இல்லை. வாசகம் அந்த இடத்துக்கு வரும்போது சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடிக்கும் கைகள் இன்றும் உண்டு.

அச்சம் திடீரென்று எழும்பினால் கண்ணை மூடிச் செபிக்க வேண்டாம், மூடினால் பழைய காட்சி வரும். கண்ணைத் திறந்து மெழுகுதிரியைப் பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். பிறகு 70ஆம் திருப்பாடலின் முதல் வசனம். மூச்சை இழுக்கும்போது "கடவுளே", விடும்போது "எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்". நீண்ட பாதி வெளிமூச்சுக்கு வருவது முக்கியம். விடும் மூச்சு இழுக்கும் மூச்சைவிட நீண்டால் இதயத் துடிப்பு தணியும். பலர் மாற்றிச் செய்து, மூச்சு முட்டி, பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

எல்லா வேளைக்கும் இந்த ஒரு வசனமே போதும் என்று எகிப்தின் பாலைவனத் துறவிகள் சொல்லிக் கொடுத்ததை 5ஆம் நூற்றாண்டில் யோவான் காசியன் எழுதிவைத்தார்.

மார்கழி 4, புதன்

செபமாலை. ஐம்பத்து மூன்று அருள்நிறை மரியே, ஆறு பரலோக மந்திரம், ஆக 59 மணி. நிதானமாகச் சொன்னால் இருபது நிமிடம். முடியாத நாளில் ஒரு பத்து மணி மட்டும். கரண்ட் போய் மாலை கைக்கு எட்டாவிட்டால் பத்து விரல் இருக்கிறது.

கூட்டமாகச் சொல்லும்போது கெடுவது வேகத்தால். அருள்நிறை மரியேயின் முதல் பாதியை ஒருவர் முடிக்க முன்பே மற்றவர்கள் இரண்டாம் பாதியைத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படி விழுங்கப்படுவது நடுவில் இருக்கும் "இயேசு" என்ற பெயர். அந்தப் பெயரே இந்தச் செபத்தின் மையம் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல் எழுதினார். அங்கே அரை மூச்சு நிறுத்தினால் முழுச் செபமாலையும் தானாகவே தணியும்.

செவ்வாயும் வெள்ளியும் செபமாலையோடு தியானிப்பது துக்க மறைபொருள்கள், அதாவது இயேசுவின் பாடுகளின் ஐந்து நிகழ்வுகள். நெருக்கடியில் இருப்பவர் முதலாவதான கெத்சமனி வேதனையிலேயே ஒரு கிழமை தங்கலாம். கெத்சமனியில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொன்னார் (மத்தேயு 26:44). சொன்னதையே சொல்லுகிறோமே என்று கவலைப்படுவோருக்கு அந்த வசனத்தைக் காட்டுங்கள்.

மார்கழி 9, திங்கள்

நேர்த்திக்கடன். பிள்ளை ஐசியூவில் கிடக்கும்போது "மடு மாதா கோவிலுக்கு நடந்தே வருவேன்" என்று வாய்விட்டுவிட்டு, பிறகு முடியாமல் வருடக் கணக்காகப் பயந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் செபத்தையே அடைத்துவிடும். திருச்சபைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. தனிப்பட்ட நேர்த்தியில் இருந்து, நியாயமான காரணம் இருந்தால், பங்குத்தந்தையே விடுவிக்கலாம் (சட்டம் 1196). அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டு (1197). பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஐந்து நிமிடக் காரியம்.

மார்கழி 14, சனி

ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைத் துறவி, சிலுவையின் புனித யோவானின் திருநாள். 1577 மார்கழி 2 இரவு, சொந்தச் சபையினரே அவரைப் பிடித்துத் தொலேதோவில் அடைத்தார்கள். ஒரு மனிதர் படுத்துப் புரளத்தான் இடம், வெளிச்சம் வருவது மேலே இருந்த ஒரு சிறு துவாரத்தால். ஏறக்குறைய ஒன்பது மாதம் அங்கே இருந்தார். உலகம் இன்றும் வாசிக்கிற செபக் கவிதைகள் சில அந்த அறையில் பிறந்தவை.

"இருண்ட இரவு" என்று அவர் சொன்னதற்கு மூன்று அடையாளம் கொடுத்தார். செபத்திலும் சுவை இல்லை, வேறு எதிலும் சுவை இல்லை. ஆனாலும் கடவுளைவிட்டு விலகுகிறோமோ என்ற நோவு மனதில் இருந்துகொண்டே இருக்கும். முயன்றாலும் முன்போல் தியானிக்க வராது. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். முதலாவது மட்டும் என்றால் அது உடல்நலக் குறைவாலோ மனச்சோர்வாலோகூட வரலாம் என்று அவரே எழுதினார்.

இதை நாங்கள் அழுத்திச் சொல்லுகிறோம். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்தால் போதும் என்ற நினைவு வருகிறது என்றால் அதை இருண்ட இரவு என்று பெயரிட்டுப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள். நோயில் முதலில் மன்றாடு, பிறகு மருத்துவருக்கு இடம் கொடு என்கிறது சீராக் 38. இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன.

மார்கழி 20, வெள்ளி

நத்தாருக்கு முன் துக்க வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு: யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட இருந்தார்கள். வாய் திறந்து பேசத் தொடங்கும்வரை நல்ல நண்பர்கள்.

மார்கழி 26, வியாழன்

சுனாமி வந்து இருபது வருடம். காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுக்க மௌனம். இரண்டு நிமிடம் நின்றால் மனம் எங்கெங்கோ ஓடும், ஓடட்டும். ஒரு முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இவரை உம் கையில்" என்று சொல்லிவிட்டு மீதி நேரம் சும்மா நில்லுங்கள். இன்று புனித ஸ்தேவானின் நாளும்கூட. கல்லெறிபட்டு விழும்போது அவர் இரண்டு சிறு செபம்தான் சொன்னார், இரண்டும் ஒவ்வொரு வரி.

மார்கழி 28, சனி

ஏரோது கொன்ற பெத்லகேம் பிள்ளைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் விழா. இராகேல் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் (மத்தேயு 2:18). எரேமியாவில் இதற்கு அடுத்த வசனமே ஆறுதல்தான். மத்தேயு அதை எடுக்காமல், அவள் அழுகையோடு நிறுத்துகிறார்.

பிள்ளையை இழந்த வீடுகளில் இன்று இப்படிச் செய்யலாம். விளக்கை ஏற்றி, அந்த ஒரு வசனத்தை வாசித்து, விளக்கம் சொல்லாமல் இருங்கள். பிறகு பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு பரலோக மந்திரம். ஞானஸ்நானப் பெயரையும் சொல்லுங்கள், வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயரையும் சொல்லுங்கள்.