சோடியமா, சல்பேட்டா, இந்த உப்பில் வேலை செய்வது யார்? முதலாண்டு பயோகெமிஸ்ட்ரி படிப்பவர்களுக்கு

முதலாண்டு பயோகெமிஸ்ட்ரி வைவாவில் (வாய்மொழித் தேர்வு) எக்ஸ்டர்னல், அதாவது வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர், ஒரு நீல நிற பாட்டிலைத் தள்ளி வைத்து, "இதுல என்னென்னம்மா இருக்கு?" என்றார். யூரினில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் பெனிடிக்ட் கரைசல். ஒரு லிட்டருக்கு காப்பர் சல்பேட் 17.3 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம், சோடியம் கார்பனேட் 100 கிராம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "சரி, இதுல சோடியம் எதுக்கு? சல்பேட் எதுக்கு?" எனக்கு வார்த்தையே வரவில்லை. அவர் கோபப்படவில்லை, வெறுமனே பாட்டிலை மூடி அடுத்த கேள்விக்குப் போனார். அது தான் எனக்கு அதிகம் வலித்தது.

விடை எளிது. அந்த பாட்டிலில் சோடியத்துக்கும் சல்பேட்டுக்கும் வேலையே இல்லை. ஊரில் மயில்துத்தம் என்று சொல்வோமே, அதே காப்பர் சல்பேட்டில் வேலை செய்வது காப்பர். கார்பனேட் கரைசலைக் காரமாக (அல்கலைனாக) வைக்கிறது, அந்தக் காரத்தில்தான் குளுக்கோஸ் காப்பருக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் வடிவத்துக்கு மாறுகிறது. சிட்ரேட் காப்பரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது கார்பனேட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. 5 எம்எல் கரைசலில் 8 சொட்டு யூரின் விட்டு 2 நிமிடம் கொதிக்க வைத்தால், சர்க்கரை கூடக் கூட பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம் என்று போகும். ஆறவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், அடியில் செம்மண் மாதிரி ஒரு தூள் நிற்கும். அது குப்ரஸ் ஆக்சைடு, குளுக்கோஸிடம் எலக்ட்ரான் வாங்கிய காப்பர். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் கிராம் கணக்கை மறந்தாலும் விடை மறக்காது.

அன்றிரவு ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். உப்பின் பெயர், அதில் வேலை செய்வது யார், துணைக்கு வந்தது யார். சோடியம் என்றோ சல்பேட் என்றோ பெயர் வருகிற எல்லாவற்றையும் அதில் இறக்கினேன். இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன், அந்த நோட்டை இன்னும் திறந்து பார்க்கிறேன்.

சுகர் டெஸ்டுக்கு எடுக்கும் சாம்பல் மூடி ட்யூபில் சோடியம் ஃபுளூரைடு. வேலை ஃபுளூரைடுக்கு, ஈனோலேஸ் என்சைமை அது நிறுத்துகிறது. அப்படியானால் குளுக்கோஸ் குறைவது உடனே நின்றுவிடுமா என்று இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும். நிற்காது. ஈனோலேஸ் கிளைகாலிசிஸின் (செல் குளுக்கோஸை உடைக்கும் பாதை) கடைசிப் பகுதியில் இருக்கிற என்சைம், அதனால் மேலே உள்ள படிகள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு குளுக்கோஸ் சற்று குறையும். இதைச் சொன்னால் எக்ஸ்டர்னல் நிமிர்ந்து பார்ப்பார். நீல மூடி ட்யூபில் 3.2% சோடியம் சிட்ரேட், ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, ரத்தம் உறையாது. கோடு வரை ரத்தம் எடுக்காமல் அனுப்பினால் சிட்ரேட் அதிகமாகி, ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பிடி (புரோத்ராம்பின் டைம்) டெஸ்டில் நேரம் பொய்யாகக் கூடிவிடும்.

மக்னீசியம் சல்பேட்டை நான் உண்மையில் புரிந்துகொண்டது லேபர் வார்டில். கர்ப்பகால வலிப்புக்குக் கொடுக்கும் மருந்து. சிஸ்டர் நான்கு ஆம்பியூல்களை உடைத்து 8 எம்எல் இழுத்து, அதோடு 12 எம்எல் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தார். 50% மருந்து, 2 எம்எல் ஆம்பியூல் ஒவ்வொன்றிலும் 1 கிராம், ஆக 20 எம்எல்லில் 4 கிராம், அதாவது 20%. வகுப்பில் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை, சிரிஞ்சில் பார்த்ததும் புரிந்தது. (இது பரீட்சைக்கு. வார்டில் உங்கள் யூனிட் புரோட்டோகால்தான்.) அப்புறம் ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் முட்டியைத் தட்டிப் பார்ப்பது, மூச்சை எண்ணுவது, யூரின் அளவு பார்ப்பது. மக்னீசியம் வெளியேறும் வழி கிட்னி, யூரின் குறைந்தால் ரத்தத்தில் ஏறும், முதலில் முட்டி ரிஃப்ளெக்ஸ் போகும், பிறகு மூச்சு. அதற்குத்தான் பக்கத்திலேயே முறிவு மருந்தாக கால்சியம் குளுக்கோனேட் இருக்கும். இந்த முழுக் கதையிலும் சல்பேட் துணைக்கு வந்த ஆள். ஆனால் அதே உப்பை வாய்வழியாகக் கொடுத்தால், பேதி உப்பு என்று பெயர் வைத்தது சும்மாவா, மக்னீசியம், சல்பேட் இரண்டுமே சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் தண்ணீரை இழுத்து வைக்கும். கொடுக்கும் வழி மாறினால் வேலைக்காரரும் மாறுகிறார் என்பதை நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், சுலபம். 325 மில்லிகிராம் மாத்திரையில் இரும்பு 65 மில்லிகிராம், மீதி சல்பேட்டும் தண்ணீரும். பேரியம் சல்பேட்டில் பேரியம் விஷம், ஆனால் இந்த உப்பு கரையாது, அதனால்தான் விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

சல்பேட்டே முதலாளியாக இருக்கும் இடம் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரின். அதன் சல்பேட் குழுக்களால்தான் அவ்வளவு நெகட்டிவ் சார்ஜ். அதை முறிக்கும் புரோட்டமின் சல்பேட்டில் வேலை செய்வதோ பாசிட்டிவ் சார்ஜ் உள்ள புரோட்டமின், அங்கே சல்பேட் மறுபடி துணை ஆள். நான் மாடல் எக்சாமில் இதை மாற்றி எழுதி மார்க் இழந்தேன்.

பெயர்க் குழப்பத்துக்கு தனியாக ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சல்பேட், சல்பைட், சல்பைடு, தயோசல்பேட் நான்கும் வேறு வேறு. சயனைடு விஷத்துக்குக் கொடுக்கும் சோடியம் தயோசல்பேட் ஒரு சல்ஃபரைத் தானம் செய்கிறது, ரோடனேஸ் என்சைம் அதை வைத்து சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றி யூரினில் அனுப்புகிறது. வெறும் சல்பேட்டால் அது முடியாது.

சோடியத்தை எப்போதும் துணை ஆள் என்று எழுதிவிடாதீர்கள். 0.9% சலைனில் லிட்டருக்கு 154 மில்லி ஈக்விவலன்ட், அங்கே அதுதான் முழு வேலையும். 8.4% சோடியம் பைகார்பனேட்டில் நாம் நினைப்பது பைகார்பனேட்டை, ஆனால் ஒவ்வொரு எம்எல்லோடும் 1 மில்லி ஈக்விவலன்ட் சோடியமும் உள்ளே போகிறது, ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்கு 100 எம்எல் ஏற்றும்போது அந்தத் துணை ஆள்தான் கவலை.

பயிற்சிக்கு ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி, பின்பக்கத்தில் உள்ள நான்கு பொருட்களையும் மூன்று கட்டத்தில் இறக்கிப் பாருங்கள். சோடியமும் குளுக்கோஸும் ஏன் கைகோத்துக் குடலுக்குள் போகின்றன, ட்யூபில் கால்சியத்தைப் பிடித்த சிட்ரேட் இங்கே ஏன் பைகார்பனேட்டாக மாறுகிறது, இந்த இரண்டையும் புத்தகம் பார்க்காமல் எழுத முடிந்தால் வைவாவுக்குப் போகலாம்.