குருமனை நாட்குறிப்பு: லெந்து 2025

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், லெந்து என்னும் தவ நாட்களின் தொடக்கம். இங்கே நெற்றியில் சாம்பல் பூசும் வழக்கம் இல்லை, சாயங்கால ஆராதனை மட்டும்தான். அறுபது பேர் வந்திருப்பார்கள். 51ஆம் சங்கீதத்தை மாறி மாறி வாசித்தோம். மூன்றாம் பெஞ்சின் ஜன்னல் ஓரம், அண்ணாச்சியின் இடம், காலி. அங்கே உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆனாலும் அந்த இடத்தை விட்டுத்தான் உட்காருகிறார்கள்.

மார்ச் 6

தூக்கம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

வனாந்தரச் சோதனையைப் பற்றிப் பிரசங்கம். "நாற்பது நாள்" என்று சொல்லும்போது நாக்கு ஒரு கணம் நின்றது. ஆகஸ்ட் சபைக் கூட்டத்தின் பதிவேட்டிலும் நாற்பது கையெழுத்துதான். மத்தியானம் வெஸ்ட்ரி (கோயிலை ஒட்டிய அறை) அலமாரியைத் திறந்து அதை மறுபடியும் எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினாலும் நாற்பது.

அந்தக் கூட்டத்தில் அண்ணாச்சியிடம் எங்கே என்று நான் கேட்ட ஏழாம் நம்பர் ரசீதுப் புத்தகம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பச்சை அட்டை, மூலையில் கறையான் தின்ற அடையாளம். கலியாணப் பதிவேட்டுக்கு அடியில் கிடந்தது. அலமாரிச் சாவி என்னிடம் மட்டும்தான் உண்டு.

மார்ச் 12, புதன்

பதநீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் இந்த நாட்களில் விடிகிற நேரத்துக்கு அண்ணாச்சியின் சைக்கிள் குருமனை வாசலில் நிற்கும். "ஐயா, வெயில் ஏறுமுன்னே குடிச்சிருங்க" என்று தூக்குவாளியைத் திண்ணையில் வைப்பார். உடனே போக மாட்டார். வேப்பமர நிழலில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். கோயில் கணக்கு, மழை, அவர் மூத்த மகள் பிரசவம், நான் விளங்காமல் விட்ட ஏதாவது ஒரு வசனம். என் பிரசங்கத்தில் எது நீளம் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே மனிதர் அவர்.

இப்போது அவருக்குப் பதநீர் ஆகாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.

மார்ச் 14, வெள்ளி

வீட்டுக்கு வந்து ராப்போஜனம் (அப்பமும் திராட்சரசமும்) கொடுக்கட்டுமா என்று அண்ணாச்சியிடம், சபை ஊழியத்தில் எனக்குத் துணையான உபதேசியாரிடம் இரண்டாம் தடவையாகக் கேட்டு அனுப்பினேன். "இப்ப வேண்டாம்னு ஐயாட்ட சொல்லிருங்க" என்றாராம். உபதேசியார் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஐயரம்மா, என் மனைவி, இன்று சாப்பாட்டு வேளையில் கேட்டாள். (ஊரே அப்படிக் கூப்பிடுவதால் நானும் சில நேரம் அப்படித்தான் எழுதுகிறேன்.) "மே மாசம் மாறுதல் வந்தா, போற ஊருக்கு இதையும் மூட்டை கட்டிட்டு வரப் போறீங்களா?" பதில் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 19, புதன்

பாளையங்கோட்டையில் குருமார் கூட்டம். மாறுதல் பட்டியலைத் தவிர யாரும் வேறு எதையும் பேசவில்லை. யாருக்கு எந்தச் சேகரம் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகள்), யார் யாரைப் பார்த்தார்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள், பக்கத்தில் ஒரு டவுன் சேகரம் கிடைத்தால் நல்லது. ஆனால் இந்த நாட்களில் அந்த ஆசைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. போய்விட்டால் மூன்றாம் பெஞ்சைப் பார்க்க வேண்டியதில்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அடைக்கலாபுரம் கல்லறைத் தோட்டம் வரை நடந்தேன். ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் அங்கேதான் கிடக்கிறார். 1820இல் இந்த ஊருக்கு வந்து 15 வருஷம் ஊர் ஊராகச் சபை கட்டியவரை, 1835இல் அவரை அனுப்பிய மிஷனரிச் சங்கமே நீக்கிவிட்டது. விட்டுப் போனவரைத் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டது இங்கிருந்த உபதேசிமார். வந்தார். சபை இரண்டு பக்கமாக நின்றது. அது தீருமுன்னே 1838இல் கண்ணை மூடினார். வேதாகம வகுப்பில் படித்தபோது யார் பக்கம் நியாயம் என்றுதான் வாதாடினோம். இன்று அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது, ஒரே ஊரில் தெருவில் எதிரெதிரே வந்தவர்கள் அந்த மூன்று வருஷமும் எப்படிக் கடந்து போயிருப்பார்கள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20

மகளுக்குப் போன். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

மார்ச் 23, ஞாயிறு

வாலிபர் கூடுகையில் அசரியா அத்தியட்சரை (பிஷப்) பற்றிப் பேசினேன். வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகன். 1910இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிமார் நிறைந்த சபைக்கு முன் நின்று, நீங்கள் உழைப்பையும் உடைமையையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அப்போது அவருக்கு 35 வயது. இரண்டு வருஷத்தில் தோர்ணக்கல் அத்தியட்சர் ஆனார்.

எத்தனையோ தடவை சொன்ன கதைதான். எப்போதும் கேட்கிறவர் பக்கத்தில் நின்றுதான் சொல்வேன். இன்று பாதியில் தோன்றியது, என் இடம் அதுவல்ல. அன்று அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் நாற்காலியில்தான் இப்போது நான் இருக்கிறேன். அண்ணாச்சிக்குப் பொருளாளர் பொறுப்பைப் புதுப்பித்தேன், பண்டிகையில் பொன்னாடை போர்த்தினேன், ஜெபத்தில் பெயர் சொன்னேன். ஒரு கணக்கில் சந்தேகம் வந்தபோது, வேப்பமரத்தடியில் கேட்டிருக்க வேண்டியதைக் கூட்டத்தில் கேட்டேன். "அண்ணாச்சி, கட்டட நிதி ரசீது எங்கே?" அவ்வளவுதான் வார்த்தை. குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 26

மத்தேயு 18ஐப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். தனியாகப் போய்ப் பேசு என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்று. இன்று காலை நிதானமாக வாசித்தேன். அது குற்றம் செய்த சகோதரனிடம் போகிறவனுக்குச் சொன்னது. இங்கே குற்றம் செய்தவன் நான். அநியாயமாக வரி வாங்கிய சகேயு ஆண்டவரைத் தனியே அழைத்துக் காதில் சொல்லவில்லை. எழுந்து நின்று சொன்னான்.

மார்ச் 27

கூட்டத்தில் சொன்னால் நாளைக்கு நான் சொல்வதை யார் கேட்பார்கள்? ஏற்கெனவே இரண்டு கோஷ்டி. சபைத் தேர்தல் வேறு வரப் போகிறது. இதைச் சுவரொட்டி அடிக்கவும் தயங்காதவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 28

நேற்று எழுதியதை வாசித்தேன். பயம்தான். வேறு பெயர் இல்லை அதற்கு.

ஏப்ரல் 2, புதன்

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். முதலில் தனியாகத்தான் போனேன், அதற்கு மேல் துணிவு வரவில்லை.

"வாங்க ஐயா" என்று எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று தோளைத் தொட்டேன். சட்டைக்குள் எலும்புதான் இருந்தது. இடது கையில் ஊசி போட்ட இடம் கயிறு முறுக்கியது மாதிரிப் புடைத்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை, மத்தியானம் வரை குடித்தது போக விரற்கடை தண்ணீர். எனக்குக் காப்பி வந்தது. அவர் முன்னால் குடிக்க முடியவில்லை. "குடிங்க ஐயா, ஆறிரும்" என்றார்.

ரசீதுப் புத்தகம் என் அலமாரியில்தான் இருந்தது, செப்டம்பரிலேயே கண்டுபிடித்தேன், கூட்ட மினிட்சில் திருத்தி எழுதினேன், உங்களிடம் வந்து சொல்லவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். வெகுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்றே ஒன்று சொன்னார்:

"அன்னைக்கு எம் மருமவன் பக்கத்துல இருந்தாம்லா ஐயா."

ஏப்ரல் 3

மருமகன் தூத்துக்குடியில் இருக்கிறான். கூட்டத்தன்று புதுசாகச் சம்பந்தம் ஆகி மூன்று மாதம். முன்வரிசையில் மாமனாரை ஒட்டி உட்கார்ந்திருந்தான். எனக்கு அது அன்று கண்ணில் படவே இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாத ராப்போஜனம். சமாதானம் கொடுக்கிற வேளை. என் இரண்டு கைக்குள்ளும் உபதேசியாரின் கைகள், அவரிடமிருந்து முதல் பெஞ்சுக்கு, அங்கிருந்து பின்னால். நான் ஆரம்பித்து வைத்தது வரிசை வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாம் பெஞ்சில் ஜன்னல் ஓரம் வந்ததும், பக்கத்தில் இருந்த ஒரு பையன் ஒரு ஆள் இடம் தாண்டிக் கையை நீட்டிப் பின்னால் கொடுத்தான்.

பிறகு அப்பத்தைக் கையில் எடுக்கும்போது கை நடுங்கியது. ஆராதனை முடிந்ததும் அறிவித்தேன்: குருத்தோலை ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் கூட்டம்.

ஏப்ரல் 9

எதற்குக் கூட்டம் என்று ஆளுக்கு ஆள் விசாரிக்கிறார்கள். ஐயர் ராஜினாமா செய்யப் போகிறார் என்றும் பேச்சு.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் ஓலையோடு தெரு சுற்றி வந்தார்கள். அண்ணாச்சி வீட்டு வாசலில் வழக்கத்தை விடக் கொஞ்சம் மெதுவாக நடந்தோம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு சின்னப் பிள்ளை ஓடிப் போய் அவர் மடியில் ஓலையைப் போட்டது.

கூட்டத்துக்கு 63 பேர் வந்தார்கள். அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றேன். பச்சைப் புத்தகத்தைக் கையில் பிடித்து, எங்கே இருந்தது, சாவி யாரிடம் இருந்தது, எப்போது கிடைத்தது, எத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு பெரியவர், எதிர்க்கோஷ்டிக்காரர்தான், எழுந்து ஜெபம் செய்தார். இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள்.

மருமகன் வரவில்லை. உபதேசியார் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஐயரம்மா ஒன்றும் கேட்கவில்லை. தட்டு வைத்தாள். அவளும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஏப்ரல் 15

மாறுதல் பட்டியல் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

அண்ணாச்சி வருவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்திருக்கக் கூடாது. நான் சொன்னது அவரை வரவழைப்பதற்காக அல்ல என்று அத்தனை ஜெபித்திருந்தும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன முதல் வார்த்தையை, "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்பதை, உபதேசியாரைப் பேசச் சொல்லிவிட்டேன். என்னால் அதைப் பேச முடியாது, இந்த வருஷம் முடியாது. வெள்ளிக்கிழமை ஆனதால் அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் இருந்தார், அதே மூன்று மணி நேரம் மெஷினில்.

ஏப்ரல் 19, சனி

கோயிலில் பூ அலங்காரம். பீடத்துத் துணி மாற்றினோம். மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்குக் காய்ச்சல், வேறு ஆள் சொல்ல வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். மருமகன்தான். நாளை விடியற்கால ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டான். நாலரைக்கு என்றேன். "கார் கோயில் வாசல் வரைக்கும் வருமா ஐயா?" என்றான். வரும் என்றேன்.