பழைய ஆங்கிலத்துக்கும் குறில் நெடில் உண்டு

எம்.ஏ. ஆங்கிலத்தில் மொழி வரலாற்றுத் தாள் இருக்கிறவர்களுக்கு இது உதவலாம். பழைய ஆங்கிலத்தில் (ஏறத்தாழ 1100க்கு முந்தைய ஆங்கிலம்) எழுதப்பட்ட 'பியோவுல்ஃப்' காவியத்தின் 11ஆம் வரியில் 'கோட் கினிங்' என்று வரும். உள்தேர்வில் நான் அதைக் 'கடவுள்தான் அரசன்' என்று பெயர்த்து வைத்தேன், உண்மையில் அது வெறும் 'நல்ல அரசன்'. 'கொட்' என்று குறிலாக இருந்தால் கடவுள், 'கோட்' என்று நெடிலானால் நல்ல. உயிரெழுத்தின் தலைமேல் இருந்த சின்னக் கோட்டை ஏதோ அச்சுப் பிசிறு என்று நினைத்து விட்டிருந்தேன், அதுதான் நெடில் குறி! கல்லையும் காலையும் குழப்பிக்கொள்ளாத ஆளுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

அதன்பிறகு சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு ஜோடியாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் படித்தேன். 'இஸ்' என்றால் இருக்கிறது, 'ஈஸ்' பனிக்கட்டி. 'அக்' என்றால் ஆனால், 'ஆக்' ஓக் மரம். 'ஃபுல்' நிறைந்தது, 'ஃபூல்' அழுக்கானது (முட்டாளைக் குறிக்கும் ஃபூல் பிரெஞ்சிலிருந்து பின்னால் வந்தது, இதில் பலர் விழுவார்கள்). மெய்யெழுத்து இரட்டித்தாலும் பொருள் மாறும்: 'க்வெலன்' என்றால் சாவது, 'க்வெல்லன்' என்றால் கொல்வது. நம்முடைய ஓடு, ஓட்டு மாதிரி தன்வினை பிறவினை என்று வைத்துக்கொண்டேன், அப்புறம் மறக்கவே இல்லை.

நெடிலை நினைவில் வைக்க இன்றைய ஆங்கிலமே போதும், ஏனென்றால் 1400க்கும் 1700க்கும் இடையில் நடந்த பெரிய உயிரொலி மாற்றத்தில் இடம் மாறியவை பெரும்பாலும் நெடில்கள்தான். பழைய 'ஈ' இன்று 'ஐ' ஆகியிருக்கும், ஈஸ் ஐஸ் ஆனது அப்படித்தான். 'ஊ' என்பது 'அவ்' ஆகும், ஹூஸ் ஹவுஸ் ஆனது போல. 'ஓ' என்பது 'ஊ' ஆகும், மோனா மூன் ஆனது. 'ஆ' கொஞ்சம் தனிக்கதை, அது அதற்கு முன்பே 'ஓ' பக்கம் நகர ஆரம்பித்துவிட்டது: ஸ்டான் ஸ்டோன், ஆக் ஓக்.

ஒரு எச்சரிக்கை. நெடில் குறி இந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் போடுவது, கேள்வித்தாளில் விட்டுப்போயிருக்கலாம். அப்போது சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அரசனுக்கு முன்னால் ஒட்டி நின்றால் அது கடவுளாக இருக்க வாய்ப்புக் குறைவு.