மூன்றாவது பல்

பென்சில்வேனியாவில் வனவிலங்கியல் படித்த நாட்களில், துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதிக்கும் சீசனின் இரண்டு வாரமும் எனக்குக் கறிக்கடையில்தான் வேலை. கறி வெட்டும் வேலை இல்லை. வேட்டைக்காரர்கள் வெட்டக் கொடுத்துவிட்டுப் போகும் வெண்வால் மான்களின் வாயைத் திறந்து, டார்ச் அடித்து, பல்லைப் பார்த்து வயது குறிக்க வேண்டும். வேட்டையையும் வனவிலங்குகளையும் கவனிக்கும் மாநில அமைப்பான கேம் கமிஷன் ஆண்டுதோறும் இதற்காகக் கடை கடையாக ஆள் அனுப்புகிறது.

கொம்பை வைத்து வயது சொல்ல முடியாது என்பதுதான் அங்கே நான் படித்த முதல் பாடம். மானுக்குக் கொம்பு வருடா வருடம் விழுந்து புதிதாக முளைக்கிறது. நல்ல தீனி கிடைத்தால் சின்ன வயதிலேயே கிளை விடும், கிடைக்காவிட்டால் வளர்ந்த மானுக்கும் சிறுத்துப்போகும். பல் அப்படியில்லை. கீழ்த்தாடையில் முன்னாலிருந்து எண்ணினால் மூன்றாவது கடைவாய்ப் பல், ஒன்றரை வயது மானுக்கு இன்னும் பால்பல்லாகவோ, விழும் நிலையிலோ இருக்கும். அதில் மூன்று முகடுகள். அது விழுந்து முளைக்கும் பல்லுக்கு இரண்டே முகடுகள். பழகிவிட்டால் ஐந்து நொடி வேலை. ஆனால் விறைத்துப்போன தாடையைத் திறப்பதற்குள் கை மரத்துவிடும்.

2002க்கு முன்பு அந்த மாநிலத்தில் மூன்று அங்குலக் கொம்பு ஒன்று இருந்தாலே ஆண் மானைச் சுடலாம். சுடப்பட்ட ஆண் மான்களில் ஏறக்குறைய 80 சதவீதம் ஒன்றரை வயதுக் குட்டிகள். முதல் கொம்பு முளைத்த வருடமே ஆயுளும் முடிந்தது. 2002இல் புது விதி வந்தது: பெரும்பாலான மாவட்டங்களில் ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளையாவது இருக்க வேண்டும், தீனி வளமான மேற்குப் பகுதியில் நான்கு. ஓர் அங்குல நீளமாவது இருந்தால்தான் அது கிளை. சிறுவர்களுக்கு விலக்கு உண்டு.

இதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் கேரி ஆல்ட். அதுவரை கரடி ஆய்வாளராகப் பெயர் பெற்றவர். இளம் ஆண் மான்களை விடுங்கள், பெண் மான்களைக் கூடுதலாகச் சுடுங்கள் என்றார். மான்கள் பெருகிக் காட்டின் மரக்கன்றுகளை மேய்ந்து தீர்த்துக்கொண்டிருந்தன. ஆனால் பெட்டை மானைச் சுடுவது பாவம் என்றே தலைமுறைகளாக நம்பிய ஊர்கள் அவை. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. என்னைக் கேட்டால் விதியின் பெரிய பாதியே அந்தப் பெண் மான் விஷயம்தான். கொம்பைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், காட்டைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம்.

விதியில் குறை இல்லாமல் இல்லை. மேற்கில் நெற்றிக் கிளையையும், அதாவது கொம்பின் அடியில் முதலில் பிரியும் கிளையையும், எண்ண வேண்டியிருந்தது. அது காதை ஒட்டி மறைந்துவிடும், தூரத்திலிருந்து எண்ணுவது சிரமம். 2011இல் நெற்றிக் கிளையை எண்ணாமல் மூன்று கிளை என்று மாற்றினார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. கிளையை மட்டும் எண்ணினால் மெலிந்த கொம்புள்ள குட்டி தப்பிக்கிறது, நன்றாக வளர்ந்த குட்டி மாட்டிக்கொள்கிறது. மிசிசிப்பியில் இதையே ஆய்வாளர்கள் கண்டார்கள், பிறகு அங்கே கொம்பின் அகலத்தையும் நீளத்தையும் பார்க்கும் விதிக்கு மாறினார்கள்.

ஒரு மாலை எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் தன் மானுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். அது தலையைத் திருப்பும்வரை இருபது நிமிடம் காத்திருந்தாராம். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் நான்கு. "சின்ன வயசில் கொம்பு தெரிந்தாலே சுட்டுவிடுவோம். இப்போதுதான் மானை முழுசாகப் பார்க்கிறேன்" என்றார்.

தாடையைத் திறந்தேன். மூன்று முகடு.

அவர் கேட்கவில்லை என்றால் சொல்லியிருக்க மாட்டேன். கேட்டார். ஒன்றரை வயது என்றேன்.

"அடுத்த வருஷம் எப்படி இருந்திருக்கும்?"

உடம்பும் கொம்பும் நன்றாகப் பெருத்திருக்கும் என்றேன். அவர் கையுறையைக் கழற்றி, அதன் கழுத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். அப்புறம் கடைக்காரரிடம் ரசீது வாங்கிக்கொண்டு இருட்டில் வண்டியை நோக்கி நடந்தார். நான் தாளில் ஒன்றரை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாடையை எடுத்தேன்.