பாலம் போடப் போனவன்

மே மாதம். ஆசிரியர் அறையில் காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த சக ஆசிரியர் கேட்டார்: “நீ பாலம் போடுகிறாயா?”

நான் பிரான்ஸில் ரென் நகரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவன். கொத்தனார் வேலை எதுவும் ஒப்பந்தத்தில் இல்லையே என்று முழித்தேன். விஷயம் இதுதான். இயேசு விண்ணேற்ற நாள் எப்போதும் வியாழக்கிழமைதான் வரும், அரசு விடுமுறை. நடுவில் இருக்கும் வெள்ளியையும் லீவு போட்டு சனிக்கிழமையோடு சேர்த்துவிட்டால் அதற்குப் பெயர் பாலம். ஆஹா, நம்ம ஊர் தீபாவளி டெக்னிக்!

போட்டேன். வெள்ளிக்கிழமை காலை டிபன் டப்பாவில் புளியோதரை, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சான் மலோ என்ற கடலோர ஊர்.

போன வாரம்தான் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வகுப்பில் கடல் ஏற்ற இறக்கம் பற்றிப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினாள். பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று ஏதோ கணக்கு. நான் பாதிக்கு மேல் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தேன். ‘தகவல் அதிகம்’ என்று எழுதி இருபதுக்குப் பதினொன்று போட்டேன். (இங்கே பதினாறு வாங்கினாலே வீட்டில் கொண்டாடுவார்கள், அதனால் பெரிய பாவமில்லை.)

எனக்கென்ன, நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன். அங்கே அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் கொஞ்சம் உள்ளே போனாலே ‘கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்’ என்று பேப்பரில் போட்டுவிடுவார்கள். சான் மலோவில் தினமும் இரண்டு தடவை உள்வாங்குகிறது. ஒருத்தரும் அஞ்சவில்லை, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறார்கள். பெரிய ஏற்றங்களில் மட்ட வித்தியாசம் 13 மீட்டர் வரை போகும். நாலு மாடி வீடு முங்கும் உயரம்.

கோட்டைச் சுவருக்கு எதிரே கிராண்ட் பே என்று ஒரு தீவு. தண்ணீர் வற்றினால் கல் பாதை தெரியும், நடந்தே போகலாம். தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை, ஆங்கிலத்திலும் இருந்தது. வகுப்புக்கு ஆகும் என்று போட்டோ எடுத்தேன். படிக்கவில்லை.

தீவில் எழுத்தாளர் ஷாத்தோப்ரியானின் சமாதி இருக்கிறது. பெயர்கூடப் பொறிக்காத கல், ஒரு சிலுவை. கடலையும் காற்றையும் மட்டும் கேட்டுக்கொண்டு கிடக்க ஆசைப்பட்டவர். பக்கத்துப் புல்லில் டப்பாவைத் திறந்தேன். இரண்டு கடற்காகங்கள் வந்து புளியோதரையில் பங்கு கேட்டன. அவற்றோடு மல்லுக்கட்டிவிட்டு மூன்றரைக்குத் திரும்பிப் பார்த்தால் பாதையைக் காணோம்.

அப்போதுதான் அந்தப் பன்னிரண்டு கணக்கு புரிந்தது. கடல் ஆறு மணி நேரம் ஏறுகிறது. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான், அடுத்ததில் இரண்டு. மூன்றாவது, நாலாவது மணிகளில் மூன்று மூன்று பங்கு. முதலில் பூனை மாதிரி வந்து, நடுவில் குதிரை மாதிரி வருகிறது. இனி அது ஏறி இறங்கும் வரை உட்கார வேண்டியதுதான். பாலம் போட்டு வந்தவனுக்குப் பாலம் இல்லை.

ஐந்து மணிக்கு அம்மா போன்.

“ஏல, எங்க இருக்க? ஒரே இரைச்சலா கெடக்கு?”

“கடலும்மா. நடுவுல மாட்டிக்கிட்டேன். ராத்திரி வடிஞ்சிரும்.”

“ஐயோ! கூட யாரும் இருக்காகளா?”

“ஒரு எழுத்தாளர் இருக்காரு. 1848லயே செத்துட்டாரு.”

“சமாதிலயால உக்காந்திருக்க! வெளக்கு வச்ச நேரத்துல!”

“இங்க இன்னும் வெயில் அடிக்கும்மா.”

“வெயிலாவது மழையாவது! வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளிச்சிட்டு உள்ள போ!”

ஸ்பீக்கரில் இருந்தது. கடலும் காற்றும் மட்டும் போதும் என்றவர் அன்றைக்கு அம்மாவையும் முழுசாகக் கேட்டார்.

ஒன்பதரைக்குப் பாதை தெரிந்தது, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பலகைப் படத்தைத் திரையில் போட்டேன். சான் மலோக்காரி கை தூக்கினாள்.

“மிஸ்யே, இதைப் போகும்போது எடுத்தீர்களா, வரும்போதா?”

“போகும்போது.”

“எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள்?”

சொன்னேன். வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் அவள் மதிப்பெண்ணைத் திருத்தி 13 ஆக்கியிருந்தேன். மீட்டர் கணக்கு.